பழைய பீடத்துக்கு மூன்று பிளேட்

போடிக் கடைத்தெருவில் போட்டோக்காரர் பொன்னுராஜ் உட்கார்ந்திருக்கப் பார்த்தவர்கள் குறைவு. ஏலக்காய் மண்டிக்காரரின் மகன். அப்பா மண்டியில் மெத்தை போட்டு உட்கார வைத்தபோது மூன்று மாதம்கூடத் தாங்கவில்லை. மதுரைக்குப் போய் ஒரு ஸ்டுடியோவில் நாலு வருடம் வேலை பழகினார். பெரிய கேமராப் பெட்டி ஒன்றோடு திரும்பி வந்து, மண்டிக்குப் பக்கத்து அறையில் திரை கட்டித் தொழில் தொடங்கினார். வந்தவர்களை அசையாமல் உட்காரச் சொல்ல வேண்டிய தொழில். அதைச் சொல்லிவிட்டு அவர் திரைக்கும் கேமராவுக்குமாக ஏழு தடவை நடப்பார்.

"எங்கள ஆணி அடிச்சு உக்கார வச்சிட்டு நீங்க எங்கய்யா ஓடுறீக?" என்று கல்யாண ஜோடியைக் கூட்டி வந்த பெரியவர்கள் கேட்பார்கள். பொன்னுராஜ் சிரித்துக்கொண்டே இன்னொரு நடை போவார்.

ஞானசெல்வியை அவர் முதலில் பார்த்ததும் அப்படி ஒரு நடையில்தான். உத்தமபாளையம் பக்கத்தில் இஞ்ஞாசிபட்டி என்று ஒரு கத்தோலிக்க ஊர். அங்கே பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படம் எடுக்கப் போயிருந்தார். ஆசிரியைகள் வரிசையில் கடைசியாக நின்ற பெண், "சார், நீங்க ஒரு இடத்துல நின்னாத்தான எங்களுக்கும் நிக்கத் தோணும்" என்றாள். பிள்ளைகள் எல்லாம் சிரித்துவிட்டன. படம் பதிய வேண்டிய அந்தக் கண்ணாடிப் பிளேட் வீணாயிற்று. அதைச் சாக்காக வைத்து அவர் மறுபடி போனார். பிறகு சாக்கில்லாமலும் போனார்.

பொன்னுராஜ் சீர்திருத்தச் சபைக்காரர், புராட்டஸ்டண்ட். ஞானசெல்வியின் அப்பா ராயப்பன், இஞ்ஞாசிபட்டிக் கோயிலுக்குக் கோயில்பிள்ளை. கோயிலைத் திறப்பது, மணியடிப்பது, பூசைக்கு எல்லாம் எடுத்து வைப்பது, சாவிக்கொத்தை இடுப்பை விட்டு இறக்காமல் இருப்பது அவர் வேலை. மகள் போடியில் பதிதர் என்று அவர் சொல்லும் அந்தச் சபையின் கோயிலில் பொன்னுராஜைக் கைப்பிடித்தாள் என்ற செய்தி வந்த அன்றும் அவர் சாயங்கால மணியை வழக்கமான நேரத்துக்கு அடித்தார். வீட்டுக்கு வந்து, மகளுடைய துணிப் பெட்டியை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றிப் போடிக்கு அனுப்பினார். அதோடு முடிந்தது. ஒன்பது வருடம் ஒரு கடிதம் இல்லை. தாய் செத்தபோது துக்கச் செய்திகூட யாரோ சந்தைக்கு வந்தவர்கள் சொல்லித்தான் தெரிந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் வருடம் மாசி மாதம் ஞானசெல்வி படுக்கையில் இருந்தாள். நெஞ்சுச் சளி என்று தொடங்கியது, காசநோயாகிவிட்டது. தேனியிலிருந்து வந்த டாக்டர் கை கழுவுகிற சாக்கில் பொன்னுராஜைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு, மாதக் கணக்கு வேண்டாம், வாரக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அன்றிலிருந்து பொன்னுராஜ் நடப்பது வீட்டுக்குள் என்றாயிற்று. கட்டிலிலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து வாசல். ஞானசெல்வி கண்ணை மூடிக்கொண்டே, "தரை தேஞ்சுரும்" என்பாள்.

இஞ்ஞாசிபட்டிப் பங்குச் சாமியாரின் கடிதம் வந்தது அந்த வாரத்தில். கோயிலின் பழைய மரப் பீடத்தைக் கறையான் தின்றுவிட்டது, வரும் திங்கட்கிழமை காலையில் பிரிக்கப் போகிறோம், அந்த இடத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துப் புதியது கட்ட ஆயரின் அனுமதி வந்துவிட்டது, அதற்கு முன் பழையதை ஒரு படம் எடுத்து வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். பொன்னுராஜ் கடிதத்தை ஒரு நாள் முழுக்கச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். கடைசியில் ஞானசெல்வியே கையை நீட்டி வாங்கிப் படித்தாள்.

அந்தப் பீடத்தைப் பற்றி அவள் சொல்லி அவர் கேட்காத நாளில்லை. சின்ன வயதில் அவள்தான் சனிக்கிழமை தோறும் அதைத் துடைப்பாள். இரண்டு பக்கமும் கொடி சுற்றிய தூண்கள், மேலே சம்மனசுகள் என்று இறகு விரித்த ஆறு தேவதூதர் சிலைகள், நடுவில் பூசையின் அப்பத்தை வைத்துப் பூட்டும் நற்கருணைப் பேழை, அதன் கதவில் பொன் பூச்சு. சொல்லச் சொல்லக் கேட்டு, உள்ளே காலே வைக்காத அந்தக் கோயில் பொன்னுராஜுக்கு மனப்பாடம்.

"எடுத்துட்டு வாங்க" என்றாள். "ஒரு தரம் பாத்துக்கிறேன். அதுவா நானா, எது முந்தப்போகுதுன்னு தெரியல."

"இப்படிப் பேசினா நான் எப்படிப் போறது?"

"பேசாட்டி மட்டும் உக்காந்திருப்பீகளா?"

அவளை விட்டுப் போகவும் முடியவில்லை, போகாமல் இருக்கவும் முடியவில்லை. போருக்காக ரயில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போன பிறகு மதுரையிலிருந்து சரக்கு வருவதே அபூர்வம். பெரிய கேமராவுக்கு ஆகிற பிளேட் மூன்றுதான் இருந்தது. வெளிச்சத்துக்கு எரிக்கிற மெக்னீசிய நாடாவும் அரைச் சுருள்தான். பக்கத்து வீட்டு ராக்கம்மாள், "போயிட்டு வாங்க தம்பி, நான் இங்கனதான இருக்கேன்" என்று பாயை எடுத்துக்கொண்டு வந்து கட்டிலுக்குக் கீழே விரித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொன்னுராஜ், பெட்ரோல் இல்லாததால் கரி அடுப்பு கட்டி ஓட்டிய பஸ்ஸில் ஏறினார். பஸ் மேட்டில் ஏறுகிற இடத்திலெல்லாம் அவர் இறங்கி அதற்கு முன்னால் நடந்தார்.

பகலில் அந்தக் கோயிலை எடுக்க முடியாது. பீடத்துக்குப் பின்னால் பெரிய வட்டக் கண்ணாடிச் சன்னல் உண்டு. எந்த வேளையிலும் அதிலிருந்து வருகிற வெளிச்சம் பிளேட்டில் பீடத்தையே தின்றுவிடும். அதனால் ராத்திரி. இருட்டில் கேமராவைத் திறந்து வைத்துவிட்டு, ஓர் ஆள் எரிகிற நாடாவைப் பிடித்துக்கொண்டு தூண்களுக்குப் பின்னாலும் பீடத்தின் ஓரத்திலும் நடந்தபடி வெளிச்சத்தைப் பூச வேண்டும்.

சாயங்காலச் செபம் முடிந்து சனம் போன பிறகு ராயப்பன் வாசலில் நின்றார். ஒல்லி மனிதர். ஒன்பது வருடத்துக்கு முன் பள்ளிக்கூடத்துத் திண்டில் நின்று தன்னை முறைத்த ஆள் இவர்தான் என்று பொன்னுராஜுக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"போட்டோக்காரரா? செருப்ப வெளியில விடுங்க" என்றார் முகம் பார்க்காமல்.

"சாமியார் இல்லீங்களா?"

"சாகக் கெடக்கிற ஒருத்தருக்கு நற்கருணை குடுக்க மேற்க போயிருக்காக. விடியத்தான் வருவாக. நீங்க எடுத்துட்டுப் போற வரைக்கும் என்ன நிக்கச் சொல்லியிருக்காக."

உள்ளே போனதும் பொன்னுராஜின் கால் ஒரு கணம் தயங்கியது. அணையா விளக்கின் சிவப்புத் துளியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் சம்மனசுகள் எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும். கேமராவை வாசற்பக்கம் ஒரு பெஞ்சின் மேல் நிறுத்தி, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குறி பார்த்துவிட்டு, நாடாவையும் குறட்டையும் எடுத்துக்கொண்டு பீடத்தைப் பார்த்து நடந்தார். நடுவில் பீடத்தை மறித்து இடுப்பளவு மரக் கிராதி. ராயப்பன் முந்திப் போய் அதன் கதவில் கை வைத்தார்.

"எங்கன போறீக?"

"வெளிச்சம் காட்ட வேணாமா?"

"கிராதிக்கு உள்ள பூசைக்கு நிக்கிறவுகதான் போவாக. நீங்க போகக் கூடாது."

"அப்பறம் யாரு நடக்கிறது?"

"எப்படி நடக்கணும்னு சொல்லுங்க. நான் நடக்கிறேன்."

பொன்னுராஜ் சொல்லிக் கொடுத்தார். இடது கையில் குறடு, அதில் நாடா. வலது கையில் தகரத் தட்டு. அதை எப்போதும் கேமராப் பக்கம் மறைத்துப் பிடிக்க வேண்டும், சுடர் நேரே தெரிந்தால் பிளேட் போயிற்று. இடப்பக்கத் தூண்களில் தொடங்கி, பீடத்துக்கு முன்னால் குறுக்கே போய், வலப்பக்கத்தில் முடிக்க வேண்டும். "எங்கயும் நிக்காதீக. நடந்துக்கிட்டே இருந்தா படத்துல விழமாட்டீக. நின்னா விழுந்துருவீக."

"புரியுது."

பொன்னுராஜ் லென்ஸ் மூடியை எடுத்தார். கோயிலுக்குள் வெள்ளை வெளிச்சம் பொங்கியது. கூரையில் வௌவால்கள் கலைந்தன. ராயப்பன் நன்றாகத்தான் நடந்தார், தட்டைச் சரியாகத்தான் பிடித்தார். இடப்பக்கம் முடிந்தது. பீடத்துக்கு முன்னால் நடுவுக்கு வந்தார். வந்ததும் மடாரென்று ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினார். சிலுவை போட வலது கை நெற்றிக்குப் போனது. தட்டும் கூடவே போனது. திறந்து கிடந்த சுடர் நேரே கேமராவைப் பார்த்து எரிந்தது.

"ஐயோ, மறைங்க" என்று பொன்னுராஜ் கத்தினார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

புகை அடங்க அரை மணி ஆகும். ராயப்பன் சன்னல்களைத் திறந்து விட்டார். பொன்னுராஜ் பெஞ்சுகளுக்கு நடுவே போய்ப் போய் வந்தார்.

"எதுக்குங்க முழங்கால் போட்டீக? நிக்காதீகன்னு தொண்ட கிழியச் சொன்னேன்."

"பேழைக்குள்ள சாமி இருக்காக. குறுக்க போறவன் முழங்கால் போடாம எப்படிப் போவான்?"

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"இதச் சொல்லணுமா? நீங்களும் கிறிஸ்துவ வேதக்காரருன்னுதான சொல்லிக்கிறீக."

"பேழைய ஒரு ஓரமா எடுத்து வச்சிட்டா?"

"நானா? சாமியாரு கை தவிர வேற கை படக்கூடாது."

பொன்னுராஜ் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். சுருளி மலைப்பக்கம் காற்று எழும்பியிருந்தது. இந்நேரம் அவளுக்கு இருமல் ஏறுகிற நேரம். ராக்கம்மாள் தூங்கியிருப்பாளா? வெந்நீர் வைத்திருப்பாளா? போன தடவை இருமியபோது பிடித்துக்கொள்ள அவர் கை இருந்தது. உள்ளே திரும்பி வந்து, "ஒரே ஒரு தரம், முழங்கால் போடாம போயிருங்க. நடந்து முடிச்சிட்டு எத்தன வேணும்னாலும் போட்டுக்கங்க. சாமி கோவிச்சுக்க மாட்டாரு" என்றார்.

"ம்" என்றார் ராயப்பன்.

இரண்டாவது பிளேட். மறுபடி வெள்ளை வெளிச்சம். ராயப்பன் இடப்பக்கம் முடித்தார். நடுவுக்கு வந்தார். இந்தத் தடவை முழங்கால் போடவில்லை. ஆனால் கால் நகரவும் இல்லை. ஒரு வாய்க்காலுக்கு முன்னால் வந்து நின்ற மாடு மாதிரி நின்றார். நாடா எரிந்து எரிந்து குறட்டுக்கு வந்து, கையைச் சுட்டு, அணைந்தது. பீடத்தின் வலப்பாதி இருட்டிலேயே நின்றுவிட்டது.

பொன்னுராஜ் மூடியைப் போட்டார். பிறகு கேமராவின் கறுப்புத் துணியைத் தன் முகத்தில் அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. ஒரு பிளேட். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக நாடா.

ராயப்பன் கொப்புளம் போட்ட விரலை வாயருகே வைத்து ஊதிக்கொண்டு வந்தார். "என்னால முடியல. வயசு அறுபத்தஞ்சாச்சு, இந்தக் காலு அங்கன நின்னு பழகிப்போச்சு. சாமியாருகிட்ட நான் சொல்லிக்கிறேன். ஒரு படம் இல்லாட்டி என்ன ஆயிரும்?"

"சாமியாருக்காக யாரு வந்தா?" என்றார் பொன்னுராஜ்.

ராயப்பன் விரலைக் கீழே இறக்கினார்.

"உங்க மக பாக்கணும்னு கேட்டுச்சு. விடிஞ்சா இத உடைக்கப் போறீக. உங்க மகளுக்கும் இனி நாளு இல்ல. படுக்கையில கெடக்கு. நான் இந்த ராத்திரி அது பக்கத்துல இருக்கணும், இங்கன வந்து நிக்கிறேன்."

சொல்லிவிட்டுப் பொன்னுராஜ் நடக்கவில்லை. எங்கே போவதென்று தெரியவில்லை. ராயப்பன் சாவிக்கொத்தை இடுப்பில் தடவிப் பார்த்தார், இருக்கிறதா என்பது போல. பிறகு கேட்டார்:

"இருமல் ராத்திரியிலயா, பகல்லயா?"

"ரெண்டு வேளையும்."

"ரத்தம் வருதா?"

"வருது."

"அவ அம்மைக்கும் அப்படித்தான் வந்துச்சு" என்றார் ராயப்பன். திரும்பிப் போய்க் கிராதிக் கதவைத் திறந்து, அது தானாகச் சாத்திக்கொள்ளாமல் ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தார். "போங்க. நீங்களே நடங்க."

பொன்னுராஜ் அவரைக் கேமராப் பக்கம் கூட்டி வந்து மூடியை எடுத்துக் காட்டினார். "நான் அங்கன போயிக் கொளுத்துனதும் இத எடுத்துருங்க. மூடுங்கன்னு குரல் குடுப்பேன், அப்பப் போட்டுருங்க. இந்த எடத்த விட்டு நகராதீக."

"நகரல."

பொன்னுராஜ் கிராதியைத் தாண்டினார். நாடாவைக் கொளுத்தினார். மூடி எடுபடும் சின்னச் சத்தம் கேட்டது. நடந்தார். கொடி சுற்றிய தூண், அவள் சொன்ன மாதிரியே. சம்மனசுகளில் ஒன்றுக்கு மூக்கு இல்லை. அதை அவள் சொல்லவில்லை. கறையான் மண் தூணின் அடியில் பாதி உயரத்துக்கு ஏறியிருந்தது. நடுவுக்கு வந்தபோது பேழைக் கதவின் பொன் பூச்சு கண்ணில் குத்தியது. நிற்காமல் கடந்தார். வலப்பக்கத் தூண்கள் முடிகிற இடத்தில் நாடாவும் முடிந்தது. கண்ணில் பச்சைப் பச்சையாகப் பூத்தது, வேறொன்றும் தெரியவில்லை.

"மூடுங்க."

மூடி போடும் சத்தம் கேட்கவில்லை.

"மாமா, மூடுங்க." அந்த வார்த்தை அவர் வாயில் தானாக வந்துவிட்டது.

"இங்கன இருக்கேன்" என்ற குரல் கேமராப் பக்கத்திலிருந்து வரவில்லை. கோயிலின் நடுவிலிருந்து, தரையிலிருந்து வந்தது.

பொன்னுராஜ் இருட்டில் பெஞ்சில் இடித்துக்கொண்டு ஓடி, தடவி, மூடியைப் போட்டார். மெழுகுவர்த்தியைக் கொளுத்தினார். கேமராவுக்குப் பத்தடி முன்னால், நட்டநடுவில், ராயப்பன் இரண்டு முழங்காலும் ஊன்றிக் கை குவித்திருந்தார்.

"எப்பருந்து இங்கன இருக்கீக?"

"மூடிய எடுத்த கையோட வந்துட்டேன். நீங்க முழங்கால் போடாம குறுக்க போவீகன்னு தெரியும். அதான் உங்களுக்கும் சேத்து நான் போட்டேன்."

"அசைஞ்சீகளா?"

"கோயில்ல முழங்கால்ல இருக்கிறவன் எதுக்கு அசையிறான்?"

கடைசிப் பிளேட் அது. பொன்னுராஜ் கோபத்தோடு சாமானைக் கட்டினார். கட்டும்போது ஒரு முடிச்சு கூட ஒழுங்காக விழவில்லை. ராயப்பன் கூடவே வாசல்வரை வந்து, "படியில கல்லு பெயர்ந்து கெடக்கு, பாத்துப் போங்க" என்றார். கிழக்கு வெளுக்கும்போது பொன்னுராஜ் பஸ் ரோட்டில் இருந்தார். கடப்பாரைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு பேர் எதிரே ஊருக்குள் போனார்கள்.

வீட்டில் ஞானசெல்வி விழித்திருந்தாள். ராக்கம்மாள் தலையை ஆட்டினாள். அந்த ஆட்டலில் ராத்திரி எப்படிப் போயிற்று என்பது தெரிந்தது. பொன்னுராஜ் சட்டையைக்கூட மாற்றாமல் இருட்டறைக்குள் போய் மூன்றாவது பிளேட்டைக் கழுவினார். சிவப்பு விளக்கில் முதலில் தூண்கள் வந்தன, பிறகு சம்மனசுகள், பேழை. பிறகு நடுவில், வெள்ளைச் சுவர்களில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தில், முதுகு காட்டி, ஒரு மனிதர். பிளேட்டைச் சுரண்டி அந்த உருவத்தை அழிக்க முடியுமா என்று கத்தியைக் கையில் எடுத்தார். சுரண்டினால் கூடவே பீடத்தின் கீழ்ப் பாதியும் போய்விடும். காட்டினால் அவளுக்கு எப்படி இருக்குமோ. கத்தியை வைத்தார், எடுத்தார், வைத்தார். கடைசியில் வெயிலில் ஒரு பிரதி போட்டு, ஈரம் காயாமலே கொண்டு போனார்.

அவள் தலையணையில் சாய்ந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பொன்னுராஜ் சன்னலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தார். அவள் படத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். பீடத்தைத்தான் பார்க்கிறாள் என்று அவர் நினைத்தார்.

"உள்ளங்காலு எப்படி வெடிச்சிருக்கு பாருங்க" என்றாள். "இதுக்கு எண்ணெ தடவ ஆளு இல்ல போல."

"ஞானம், நான் நகராதீகன்னுதான் சொன்னேன்."

"இவரு எதுக்கு நடுவுல வந்து உக்காந்திருக்காரு?"

சொன்னார். கிராதியைத் திறந்து விட்டதை, இருமலைப் பற்றிக் கேட்டதை, தனக்கும் சேர்த்து முழங்கால் போட்டதை. ஞானசெல்வி படத்தை மார்பில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கே ஆளு விடுங்க. நான் கூப்பிட்டேன்னு சொல்லச் சொல்லுங்க."

"வருவாரா?"

"எனக்கென்ன தெரியும்? கூப்பிடாம இருந்தது நானுந்தான."

ஆள் போய்விட்டு வந்தான். "கேட்டுக்கிட்டாரு, ஒண்ணும் சொல்லல" என்று வந்து சொன்னான். செவ்வாய் போயிற்று. புதன்கிழமை இரண்டு தடவை ரத்தம் வந்தது. பொன்னுராஜ் பஸ் நிற்கிற இடத்துக்கும் வீட்டுக்கும் எத்தனை நடை போனார் என்று யாரும் எண்ணவில்லை. வியாழக்கிழமை அவர் அப்படிப் போயிருந்த நேரத்தில், வேறு வழியாக, நடந்தே வந்த ராயப்பன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கால் நிறையப் புழுதி. கையில் ஒரு தூக்குச்சட்டி.

ராக்கம்மாள்தான் முதலில் பார்த்தாள். யாரென்று கேட்டாள். அவர் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உடைத்து விறகாகிவிட்ட பீடம், ஆறு சம்மனசுகள், நடுவில் தன் முதுகு.

"பீடத்த மறச்சுட்டேனே, ஆத்தா" என்றார்.

ஞானசெல்வி கட்டிலில் காலை மடக்கி, அவர் உட்கார இடம் விட்டாள்.